சவர்க்காரக் குமிழியைப் படம்பிடித்தல்

சவர்க்காரக் குமிழியை ஊதி மகிழாத சிறுவர் இலர். அதனைப் படம்பிடிக்க முயன்றோர் சிலரே. யான் முதல் நாளிற் பெற்றவை வெறும் வெள்ளை வட்டங்கள்.

குமிழிக்கெனத் தனி நிறம் இல்லை. அதன் மென்படலத்தின் இரு புறத்திலும் தெறிக்கும் ஒளியலைகள் கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மறைகின்றன. சாளரத்தில் வெள்ளை வேட்டியொன்றை விரித்து ஒளியைப் பரவச் செய்து, குமிழியின் பின்னே கறுப்புத் துணியைத் தொங்கவிட்ட பின்னரே அந்நிறங்கள் படத்தில் விழுந்தன.

கரைசலிற் சிறிது கிளிசரீன் சேர்த்தால் நீர் விரைந்து ஆவியாகாது. குமிழி சற்றே நீடிக்கும். எனினும் நீர் கீழே வடிய உச்சி மெலிந்துகொண்டே வரும். ஒளியலையின் நீளத்திலும் படலம் மிகச் சிறுத்தவிடத்துக் கருமை தோன்றும். நியூற்றன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலே இதனைக் குறித்துள்ளார். அக்கருமை கண்டபின் கமராவைத் தேடுவோன் குமிழியை இழப்பான். உடையும் கணத்தையே பிடிப்பதற்கோ கைவிரலின் விரைவு போதாது. றேலிப் பிரபு 1891இல் உடையும் படலத்தை மின்பொறியின் ஒளியிலேயே படம்பிடித்துக் காட்டினார்.

மற்றொரு தொல்லை, குமிழி ஓர் ஆடியுமாதல். என் படங்களுட் சிறந்ததிலே சாளரமும் வேட்டியும் கமரா தாங்கிய யானும் இருமுறை தோன்றுகிறோம்: முன்புறத்தில் நிமிர்ந்தும், பின்புறத்தில் தலைகீழாகவும். மாணவர் பெரிதும் விரும்பியது அப்படத்தையே.