பாட்டியும் வரணும், பாப்பாவும் வரணும்... குடும்பத்தோடு கச்சேரி, நாடகம், மேட்ச் போகிறீர்களா?

"எனக்கு முட்டி வலி. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது பாட்டியிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ இந்த வசனத்தைக் கேட்காத வீடு குறைவு. முட்டி வலி உண்மைதான். ஆனால், அதற்குப் பின்னால் அவர் வாய்விட்டுச் சொல்லாத மூன்று கேள்விகளும் இருக்கும். எத்தனை படி ஏறணும்? பாத்ரூம் பக்கத்தில் இருக்குமா? முடியவில்லை என்றால் நடுவில் கிளம்பி வர முடியுமா?

ஆறு வயதுப் பேரனுக்குக் கேட்கத் தெரியாது. ஆனால், அவனுக்கும் இதே மூன்று கேள்விகள்தான்.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? பிடித்த பாடகர் வருகிறார், பிடித்த டீம் ஆடுகிறது என்றதும் போனைத் திறந்து டிக்கெட் எடுத்துவிடுகிறோம். அதன்பிறகுதான் யார் யாரை அழைத்துப்போவது என்று யோசிக்கிறோம். இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வீட்டில் யார் முதலில் களைத்துப்போவார்களோ, அவர்களை மனதில் வைத்து நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் கடைசிவரை சந்தோஷமாக உட்கார்ந்திருந்தால், மற்ற எல்லோருக்கும் அந்த மாலை நல்ல மாலைதான்.

முதல் கச்சேரி மதியக் கச்சேரியாக இருக்கட்டும்

மார்கழி சீஸனில் சென்னை சபாக்களில் காலையில் தொடங்கி இரவு வரை கச்சேரிகள் நடக்கும். மாலையில் பாடுகிற பெரிய வித்வான்களுக்கு டிக்கெட் வேண்டும். பல சபாக்களில் காலை, மதிய நேரக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். வளர்ந்துவரும் இளம் கலைஞர்கள் பாடும் நேரம் அது. கூட்டம் குறைவு, கச்சேரி நேரமும் குறைவு. குழந்தைக்கும் முதியவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

மூன்று மணி நேர மாலைக் கச்சேரிக்குக் குழந்தையை முதன்முதலாக அழைத்துப்போய், "ஆடாம அசையாம உட்காரு" என்று அதட்டினால், அதன்பிறகு சபா என்றாலே அது ஓடத்தான் செய்யும். வழியோர இருக்கையில் உட்காருங்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது எழுந்து போகலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் கலைஞருக்கும் இடைஞ்சல், பின்னால் இருப்பவருக்கும் இடைஞ்சல்.

இன்னொரு விஷயம். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது பெரியவர்கள் பலர் கேன்டீன் பக்கம் நழுவிவிடுவார்கள். ஆனால், பொடிசுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் பிடிக்கும். ஒருவர் வாசித்ததை மற்றவர் திருப்பி வாசிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி. அதைப் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் போய் நெய் தோசை சாப்பிடலாம்.

சபாவில் அடங்கி உட்கார முடியாத வாண்டு என்றால், திறந்தவெளிதான் சரி. பொங்கல் நாள்களில் சென்னையின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் அரசு நடத்தும் 'சென்னை சங்கமம்' நிகழ்ச்சியில் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாவற்றையும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். மகா சிவராத்திரியையொட்டி சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலி இன்றும் நடக்கிறது. நடனம் கற்றுக்கொள்ளும் பெண் குழந்தை வீட்டில் இருந்தால் ஒருமுறை அழைத்துப்போங்கள்.

நாடகம்: இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு!

மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சிரிக்க சபா நாடகம்போல வசதியானது குறைவு. பெரும்பாலும் மாலை ஏழு மணியையொட்டித் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளரங்கம் என்பதால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கோடை விடுமுறையில் சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பு நடத்தும் 'கோடை நாடக விழா'வில் புதிய நாடகங்கள் அடுத்தடுத்து மேடையேறும். நகைச்சுவையா, குடும்பக் கதையா, சரித்திரமா என்று விசாரித்துக்கொண்டு போனால் போதும்.

மேடையில் நடிப்பவருக்கு 'கட்' கிடையாது, இரண்டாவது டேக் கிடையாது என்பதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்புறம் அது நாடகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

சொந்த ஊர் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம் என்றால் உங்களுக்கு இன்னொரு வரம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்து. விடிய விடிய நடக்கிற கூத்துக்குக் குழந்தைகளால் முழுக்க விழித்திருக்க முடியாது. விழித்திருக்கவும் வேண்டாம். பாயும் போர்வையும் எடுத்துப்போங்கள். தூங்கும்போது தூங்கட்டும், அடவு வைத்து வேஷம் வரும்போது எழுப்பிக் காட்டுங்கள். தபசு மரம் ஏறும் அர்ச்சுனன் தபசையும், பிரமாண்டமான துரியோதனன் மண் உருவத்தின் முன்னால் நடக்கும் படுகளத்தையும் ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக்காரர்களுக்கு ஆர்மோனியப் பெட்டியும் பபூனும் வருகிற 'வள்ளி திருமணம்' நாடகம் இருக்கிறது.

மேட்ச்: ஐ.பி.எல். மட்டும்தானா?

"அப்பா, சேப்பாக்கம் போகலாம்" என்று பிள்ளை கேட்டால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஐ.பி.எல். அதன் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு 40 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 1,000 ரூபாய் டிக்கெட் 1,400 ரூபாய் ஆகும். ஐந்து பேர் போனால் 7,000 ரூபாய். அதில் 2,000 ரூபாய் வரிக்கே போய்விடும். இரவு 7.30 மணி ஆட்டம் முடிய 11 மணி ஆகலாம். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தால் அந்தக் காலை எப்படி இருக்கும் என்று அம்மாக்களைக் கேட்க வேண்டாம்.

ஆசைக்கு ஒருமுறை ஐ.பி.எல். போய்விட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால், விளையாட்டை அருகில் பார்க்க வேறு வழிகளும் இருக்கின்றன. ரஞ்சி டிராபி லீக் ஆட்டங்களுக்கு வழக்கமாக அனுமதி இலவசம். சேப்பாக்கத்தில் மட்டுமல்ல, கோயம்புத்தூர், சேலம், நத்தம் மைதானங்களிலும் ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. வேண்டிய இடத்தில் உட்காரலாம், பந்து மட்டையில் படும் சத்தம் காதில் விழும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கிக்கும் டிக்கெட் இலவசமாகவே தரப்பட்டது. உலகக் கோப்பை மேட்சை ஒரு ரூபாய் செலவில்லாமல் பார்த்த குழந்தைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்! ஹாக்கி, கபடி, வாலிபால் போட்டிகள் உங்கள் மாவட்ட விளையாட்டு மைதானத்திலும் நடக்கும். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கச்சேரி, நாடகம், நடனத்துக்கும் ஒரு வரிக்கணக்கு உண்டு. ஒருவருக்கான டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதைத் தாண்டினால் 18 சதவிகிதம்.

காதைக் காப்பாற்றுங்கள்

மைதானத்தில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த 100 டெசிபலையும் பெரியவர்கள் வாரத்துக்கு சுமார் 20 நிமிடங்கள் கேட்பதே பாதுகாப்பான அளவு. மூன்று மணி நேரம் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காது என்ன ஆகும்?

எளிய சோதனை ஒன்று உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் குழந்தைக்கு ஆகாது. ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, பின்வரிசைக்குப் போய்விடுங்கள். குழந்தைகளுக்கென்று காதை முழுக்க மூடும் ஹெட்போன் மாதிரியான கவசங்கள் கடைகளில் கிடைக்கின்றன. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. அடிக்கடி வெளியே கூட்டிவந்து காதுக்கு ஓய்வு கொடுப்பதும் அவசியம்.

கூட்டம்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. நடு வெயிலில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கோப்பை வென்ற கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்தில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். போனவர்கள் எல்லோரும் நம்மைப் போலத்தான், சந்தோஷமாக ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவர்கள்.

பயந்துகொண்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. பெரிய கூட்டத்துக்குப் போகும்போது இவற்றை மட்டும் மறக்காதீர்கள்.

• நம்பர் போட்ட இருக்கை இல்லாத நிகழ்ச்சிக்கும், 'முதலில் வருபவருக்கே இடம்' என்கிற நிகழ்ச்சிக்கும் குழந்தைகள், முதியவர்களோடு போகாதீர்கள்.

• கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் நம்பரை எழுதி அதன் பாக்கெட்டில் வையுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

• தண்ணீர் பாட்டில், பை, பவர் பேங்க் ஆகியவற்றைப் பல மைதானங்களில் அனுமதிப்பதில்லை. டிக்கெட்டில் உள்ள விதிகளை முன்பே படியுங்கள். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று பாட்டியும் அம்மாவும் தண்ணீர் குடிக்காமலேயே இருப்பார்கள். வெயிலில் அது ஆபத்து. உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாத்ரூம் எங்கே என்று பார்த்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

• சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பாட்டியின் கைப்பையில் இருக்கட்டும். காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

• முடிந்ததும் எல்லோரோடும் முண்டியடிக்க வேண்டாம். 20 நிமிடம் உட்கார்ந்திருந்து கிளம்புங்கள்.

• நெரிசலில் சிக்கிவிட்டால் கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுவிட இடம் உண்டாக்குங்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியாதீர்கள். கூட்டம் நகரும் போக்கிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கேட்டுக்கு வெளியிலேயே மூச்சு முட்டுகிற கூட்டம் என்றால், திரும்பிவிடுங்கள். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இசை நிகழ்ச்சியில், டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் தவித்தது நினைவிருக்கும். "இவ்வளவு காசு கொடுத்தாச்சே" என்கிற எண்ணம்தான் அந்த நேரத்தில் நம்மை உள்ளே தள்ளும். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு போன்

அரங்கத்துக்கு ஒரு போன் போட்டு ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். லிஃப்ட் அல்லது சாய்தளம் இருக்கிறதா? பாத்ரூம் எந்தப் பக்கம்? வாசல் வரை ஆட்டோ வருமா? நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும்? நடுவில் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா?

பதில்களை எழுதிக்கொண்டு பாட்டியிடம் போய், "நாலு படிதான் பாட்டி, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, ஒன்பது மணிக்கு வந்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் புடவை கட்டுவது என்று அவர் கேட்க ஆரம்பித்துவிடுவார்.