'ங்க' போடுவது யாருக்கு?
பதின்வயதினரிடம் சமூகவியல் பேசுவது குறித்துச் சில குறிப்புகள்

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சமூகவியலை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தருவது? நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை 'சமூக அறிவியல்' என்றொரு பாடம் இருக்கிறது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் அதற்குள் அடக்கம். போர்கள் நடந்த ஆண்டுகளும் அரசியல் சட்டப் பிரிவுகளும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் தன் ஊர் டீக்கடையில் தான் எங்கே உட்காருகிறோம், யாரை எப்படிக் கூப்பிடுகிறோம், ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்பது எந்தப் பாடத்திலும் வருவதில்லை. சமூகம் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தன் வீட்டு வாசலில் இருப்பது 'பழக்கம்' என்று நினைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை வளர்ந்து, ஓட்டுப் போட்டு, கல்யாணம் கட்டி, தன் பிள்ளைக்கும் அதையே பழக்கிவிடுகிறது.

நாங்கள் சில நண்பர்கள் அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவந்தோம். தொடக்கத்தில் செய்த தவறு, வரையறையிலிருந்து ஆரம்பித்தது. 'சமூகவியல் என்பது சமூகம் பற்றிய அறிவியல்' என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எழுத்தாளர்களும் இயக்கத்தவர்களும் கூடும் கூட்டங்களில் நாம் பேசும் 'கட்டமைப்பு', 'கருத்தியல்' எல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. பிறகுதான் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விகுதியிலிருந்து தொடங்கினோம்.

1

'ஏனுங்க', 'ஆமாங்க', 'இல்லீங்க', 'சரிங்க'. கொங்குத் தமிழ் என்றாலே ஊருக்கெல்லாம் நினைவுக்கு வருவது இந்த 'ங்க'. சினிமாவும் இதைத்தான் காட்டும், அரசியல் மேடையும் இதைத்தான் பெருமையாகச் சொல்லும். கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதையானவர்கள், அது சிறுவாணித் தண்ணீரில் கலந்திருக்கிறது என்பதாக ஒரு நம்பிக்கை. பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். "எங்கூட்ல சின்னக் கொழந்தையக்கூட வாங்க கண்ணுன்னுதானுங்க கூப்புடுவோம்" என்றான் ஒரு பையன். பொய்யில்லை. அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சரி, ஒரு வாரம் நோட்டில் எழுதி வாருங்கள் என்றோம். நான்கு கட்டங்கள். யாரிடம் பேசினாய், அவருக்கு என்ன வயதிருக்கும், நீ 'ங்க' போட்டாயா, அவர் உனக்குப் போட்டாரா. சாதி பற்றிக் கட்டம் எதுவும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு நோட்டுகளைப் பிரித்தபோது கட்டம் போடாத சாதி தானாக வந்து உட்கார்ந்திருந்தது. 'வாங்க கண்ணு' சொன்ன அதே பையனின் நோட்டில் ஒறம்பரை வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்கு 'ங்க' இருந்தது. தோட்டத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் அறுபது வயதுக்காரருக்கு இல்லை. அவரோ இவனுக்கு ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' போட்டிருந்தார். வளவிலிருந்து வந்த ஒரு பெண் தன் நோட்டில் தன்னைப் பற்றி எழுதவே இல்லை. தன் அப்பத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள்: ஆறாவது படிக்கிற பையன் அவரை "வா புள்ளே" என்கிறான், அவர் "வந்துட்டனுங்க" என்கிறார். இன்னொருவன் அண்ணனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வருபவன். அங்கே லைன் சூப்பர்வைசருக்கு 'அண்ணா, சொல்லுங்க', பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கு 'ஏ பையா, இங்க வா'.

மரியாதை என்பது வயதுக்கோ மனிதனுக்கோ தரப்படவில்லை, இடத்துக்குத் தரப்படுகிறது என்பதை நாங்கள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நோட்டு சொல்லிவிட்டது.

2

இங்கேதான் எமில் துர்கைமைக் (1858–1917) கூட்டிவந்தோம். 1895இல் பிரெஞ்சில் வெளிவந்த, சமூகவியலின் முறையியல் பற்றிய நூலில் அவர் 'சமூக உண்மை' என்றொரு கருத்தை முன்வைத்தார். நாம் செய்வது, நினைப்பது, உணர்வது ஆகியவற்றில் பெரும்பகுதி நமக்குள் பிறந்ததல்ல. நாம் பிறப்பதற்கு முன்பே வெளியே இருந்தது. மொழி, நாணயம், சடங்கு போன்றவை அப்படித்தான். இந்தச் சமூக உண்மைக்கு இரண்டு அடையாளங்கள்: அது தனிமனிதனுக்கு வெளியே இருக்கிறது, அவனைக் கட்டாயப்படுத்தும் வலிமை அதற்கு இருக்கிறது. ஆனால் அதன்படி நடந்துகொண்டிருக்கும்வரை அந்தக் கட்டாயம் தெரியாது. ஆற்றோடு போகிறவனுக்கு இழுப்பு தெரியாது, எதிர்த்து நீந்தினால்தான் தெரியும்.

தோட்டத்துப் பெரியவரை 'வா' என்று கூப்பிடும்படி அந்தப் பையனுக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அவன் அப்பா கூப்பிடுவதைக் கேட்டான், அவ்வளவுதான். அவன் கெட்டவனும் இல்லை. பிள்ளைகளிடம் பேசும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நீ தப்புப் பண்ணிட்டே' என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே காது மூடிக்கொள்ளும். 'இது உனக்குள் எப்படி வந்தது?' என்று கேட்டால் அவனுக்கே ஆர்வம் வருகிறது. அறநெறி வகுப்புக்கும் சமூகவியலுக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியில் இருக்கிறது.

மொழியோடு இது நிற்பதில்லை என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஆசாரத்துக்குள் வருவதில்லை, கட்டுத்தரையோடு நின்றுவிடுவார். பேசும்போது தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடும். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். 'ஏன்?' என்று கேட்டால் 'பழக்கமுங்க' என்பார். பியர் பூர்தியு (1930–2002) இதைத்தான் 'ஹாபிடஸ்' என்றார். சமூகம் விதியாக வெளியே நிற்பதோடு உடம்புக்குள்ளும் இறங்கி, முதுகின் வளைவாக, குரலின் தணிவாக, நிற்கும் இடத்தின் தேர்வாக ஆகிவிடுகிறது. சட்டம் மாறினாலும் முதுகு உடனே நிமிர்வதில்லை. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது 1955இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல். தேங்காய்த் தொட்டி போய்த் தனி டம்ளர் வந்தது, பல கடைகளில் அதுவும் போய் எல்லோருக்கும் காகிதக் கப் வந்தது. கப் மாறியது, நிற்கும் இடம் மாறியதா என்று பார்த்துவரச் சொன்னோம்.

3

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அந்தப் பையன் வீட்டுக்குப் போய், நாங்கள் சொல்லாமலே, தோட்டத்துப் பெரியவரை "வாங்க, உக்காருங்க" என்றிருக்கிறான். பெரியவர் சந்தோஷப்படவில்லை, பதறிவிட்டார். "அப்படியெல்லாம் கூப்புடாதீங்க சாமி. உங்கப்பா காதுல உழுந்தா நாந்தான் என்னமோ சொல்லிக் குடுத்தேன்னு நெனப்பாரு. எம் பொழப்பு போயிரும்."

இதைப் பையன் வந்து சொன்னபோது எங்களில் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. எதிர்த்து நீந்தினால் இழுப்பு தெரியும் என்ற துர்கைமின் வாதம் நிரூபணமாகிவிட்டது. ஆனால் நீந்தியவன் ஒருவன், இழுப்பில் சிக்கியவர் இன்னொருவர். விதியை மீறியது நிலமுள்ள வீட்டுப் பையன், அதற்கான தண்டனை பற்றிய பயம் கூலிக்காரருக்கு. ஐரோப்பியச் சமூகவியலை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்த இடத்தில் அம்பேத்கர் தேவைப்படுகிறார். 1916 மே மாதம், தன் 25ஆம் வயதில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அகமண முறைதான் சாதியின் சாரம், ஒரு வகுப்பு தன் கதவை அடைத்துக்கொண்டது, அதைப் பார்த்து மற்றவையும் அடைத்துக்கொண்டன என்பது அதன் வாதம். போலச்செய்தல் மேலிருந்து கீழாகப் பாய்கிறது என்ற கப்ரியேல் தார்தின் கருத்தை அவர் அங்கே பயன்படுத்துகிறார். பின்னாளில் அவர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று விளக்கியதும் இதன் தொடர்ச்சியே. ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே பார்த்து 'ங்க' போடுகிறவர் கீழே பார்த்து அதைப் பிடுங்கிக்கொள்கிறார். பீகார்த் தொழிலாளியைப் 'பையா' என்று அதட்டுகிறவர்களில் வளவுப் பையன்களும் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் பேசினோம்.

கதவடைப்பு என்பது உவமை மட்டுமல்ல. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் உடன்படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கல்லூரி மாணவர், காதலித்து மணந்தவர். இந்த வயதுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் எங்கள் பிள்ளைகளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்கள். 'ங்க' போடாத வாய்க்கும் அரிவாளுக்கும் நடுவில் தூரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன.

4

"அப்ப நாம எல்லாம் பொம்மைங்களாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாவற்றையும் சமூகமே முடிவு செய்கிறதென்றால் நாம் செய்ய என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. சமூகவியல் படித்தவர்கள் பலர் இதில் வழுக்கி விழுந்து, விளக்குவதையே மன்னிப்பதாக ஆக்கிவிடுவார்கள்.

பதிலாக அவர்கள் பெயர்களையே பார்க்கச் சொன்னோம். அந்த அறையில் ஒருவருக்கும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் இது நடக்காது. இது தானாக நடந்ததா? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. ஈரோட்டுக்காரரான பெரியார் தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்தார். பட்டம் போடுவது மரியாதை என்றிருந்தது, போடுவது கூச்சம் என்றானது. சமூக உண்மை மாறும். ஒரு தனிமனிதரின் நல்ல மனதால் மாறவில்லை, இயக்கத்தால், கூட்டாக, விலைகொடுத்து மாறியது. பெயரில் போன சாதி ஃபிளக்ஸ் பேனரில் திரும்ப வந்து நிற்கிறதே என்றும் பிள்ளைகள் சொன்னார்கள். அதுவும் சரி. வெற்றிகள் பத்திரமாக இருப்பதில்லை.

இன்னொரு சொல்லையும் அவிழ்க்க வேண்டியிருந்தது: 'உழைப்பு'. திருப்பூர் வட்டாரத்தில் முன்னேறியவர் யாரைக் கேட்டாலும் 'உழைச்சோம், வந்தோம்' என்பார். சரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு நூல் இந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு போகிறது. உழைத்தது பொய்யல்ல. ஆனால் நிலம், உறவுமுறை, சாதிக்குள் புரளும் கடனும் நம்பிக்கையும் அந்த உழைப்பைத் தாங்கிப் பிடித்தன. தோட்டத்துப் பெரியவரும் அறுபது வயதுவரை உழைத்தவர்தான். இருவருக்கும் உழைப்பு ஒன்றே என்றால் விளைவு ஏன் வேறு? இந்தக் கேள்வியைப் பதினாறு வயதில் ஒருவர் கேட்கப் பழகிவிட்டால், அவர் சமூகவியலுக்குள் வந்துவிட்டார் என்று பொருள்.

பெரியவர் விஷயத்தில் என்ன செய்வது என்று பிள்ளைகள் இரண்டு வாரம் விவாதித்தார்கள். ஒருவன் மட்டும் மாறினால் பெரியவருக்கு ஆபத்து, அதனால் பத்துப் பேர் சேர்ந்து மாறலாம் என்றார்கள். முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்றாள் வளவுப் பெண். "உங்களுக்கு நல்ல பேரு கெடைக்கறதுக்கு எங்க பெரியவங்க எதுக்குப் பயப்படோணும்?" என்ற அவள் கேள்விக்கு எங்களிடமும் பதில் இல்லை. களத்தில் வேலை செய்யும் நம் தோழர்கள் பலரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. இப்போதைக்கு ஒன்று மட்டும் முடிவாகியிருக்கிறது. தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களிடம் பேச வேண்டும். முதலில் மாற வேண்டிய வாய் பெரியவருடையதல்ல.