யானை முதல் விமானம் வரை

காஞ்சி என்றதும் பட்டும் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்நகரைச் சுற்றியுள்ள நிலம், படைக்கலங்கள் காலந்தோறும் மாறிய வரலாற்றையும் தன்னகத்தே கொண்டுள்ளது. அதனைச் சற்றே காண்போம்.

முதலாவது, பல்லவர் காலம். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பரமேசுவரவர்மனின் போர் யானையை அரிவாரணம் என்றும், குதிரையை அதிசயம் என்றும் பெயர் கூறிப் போற்றுகிறது. யானையும் குதிரையுமே அன்று படையின் வலிமை. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சிற்பங்களில் அப்படைகளை நாம் இன்றும் காணலாம்.

இரண்டாவது, 1780ஆம் ஆண்டு. காஞ்சிக்கு வடக்கே, சில மைல் தொலைவிலுள்ள புள்ளலூரில், செப்டம்பர் 10ஆம் நாள் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைச் சூழ்ந்து முறியடித்தனர். மைசூர்ப் படையிடம் பீரங்கிகளுடன் ராக்கெட்டுகளும் இருந்தன. வெடிமருந்தைக் காகிதக் குழாயில் அடைத்தால் குழாய் விரைவில் கிழிந்துவிடும். மைசூரார் இரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவதால், வெளியேறும் வாயு அதிக விசையோடு பாணத்தை முன்னே உந்தியது. குழாயுடன் கட்டிய மூங்கில் கழி, பாணம் திசை மாறாமல் செல்ல உதவியது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் இவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று ஆராய்ந்தனர்; காங்கிரீவ் என்பவர் அமைத்த ராக்கெட்டுகளுக்கு இவையே தூண்டுதலாயின.

அன்று ஆங்கிலேயரின் மற்றொரு படை, மன்றோவின் தலைமையில் காஞ்சியிலேயே இருந்தது. ஆயினும் அது உரிய நேரத்தில் பெய்லிக்குத் துணையாகச் சென்று சேரவில்லை. தோல்விச் செய்தி கிடைத்தபின், மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்தில் உயிர் நீத்தார். அருகே நடப்பதை உரிய காலத்தில் அறியாத படைக்கு ஆயுதம் இருந்தும் பயனில்லை அன்றோ?

மூன்றாவது காலம் இந்த வினாவிற்கே விடை கூறுகிறது. புள்ளலூருக்கும் வடக்கே உள்ளது அரக்கோணம். அங்குள்ள கடற்படை விமானத் தளம் 1992இல் ‘ராஜாளி’ என்னும் பெயரில் தொடங்கப்பெற்றது. நான்கு எந்திரங்கள் கொண்ட டி.யு-142 என்னும் சோவியத் நாட்டு விமானங்கள், 2017இல் ஓய்வு பெறும்வரை அங்கிருந்து பறந்தன. அவற்றின் பணியை ஏற்க, 2013 முதல் பி-8ஐ என்னும் ஜெட் விமானங்கள் வந்தன. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்ணால் காண இயலாது. ஆகவே விமானம் சிறு மிதவைகளைக் கடலில் இடுகிறது. அவை நீருக்கடியில் எழும் ஒலியைக் கேட்டு, வானொலி அலைகளால் விமானத்துக்குத் தெரிவிக்கின்றன. குண்டுகளைச் சுமப்பதோடு, செவியாகவும் கண்ணாகவும் விளங்குவதே இவ்விமானத்தின் சிறப்பு.

மாணவர்களே, யானையின் வலிமையும் இரும்பின் உறுதியும் எந்திரத்தின் வேகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனினும், காலத்தில் அறிதல் என்னும் தேவை மாறவேயில்லை. அடுத்த முறை காஞ்சிக் கோயிலின் யானைச் சிற்பத்தைக் காணும்போது, வானில் செல்லும் விமானத்தின் ஒலியையும் சற்றுக் கேளுங்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு ஏடுகள்.