புரையேறுதலும் கெட்டிப்பானமும்

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகைப்படுத்துவது நம் மரபு. இவற்றுள் பருகுவனவே விழுங்குதற்கு எளியவென நாம் எண்ணுகின்றோம். பாரிசவாதத்தாலேனும் பார்க்கின்சன் நோயாலேனும் விழுங்கும் ஆற்றல் குன்றினார்க்கோ அவையே அரியன. தண்ணீர் அவற்றுள்ளும் அரிது.

காரணம் யாதெனின், உணவின் வழியும் மூச்சின் வழியும் தொண்டையில் ஒருங்கே கூடுகின்றன. விழுங்குங்கால் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ளும். தண்ணீரோ நாவில் நில்லாது விரைந்தோடுவது. மூடுமுன்னரே அது மூச்சின் வழியிற் புகுதலையே புரையேறுதல் என்கின்றோம். (யாரோ நினைக்கின்றார் என்று தலையில் தட்டுவதும் நம் வழக்கம்.) நலமுடையார் இருமித் தள்ளுவர். நோயாளர் சிலர்க்கு இருமலும் எழாது; நீர் ஓசையின்றி நுரையீரலைச் சேர, நிமோனியாக் காய்ச்சல் வருதலும் உண்டு.

ஆகவே பானத்தைக் கெட்டியாக்கி அதன் ஓட்டத்தைத் தாழ்த்துகின்றனர். மாப்பொடி கலப்பது பழைய முறை. எச்சில் பட்டு மாச்சத்துச் சிதைய, பானம் மீண்டும் நீர்த்துப்போதல் அதன் குறை. சாந்தன் என்னும் பிசினுக்கு அக்குறை இல்லை. அளவும் கண்மதிப்பன்று. 2013-இல் தொடங்கிய ஐ.டி.டி.எஸ்.ஐ. என்னும் பன்னாட்டுக் குழு பானங்களை 0 முதல் 4 வரை படிப்படுத்தியுள்ளது. ஊசியில்லாச் சிரிஞ்சில் 10 மில்லிலிட்டர் வார்த்து, 10 நொடி ஒழுகவிட்டு, எஞ்சியதை அளப்பர். 1 முதல் 4 வரை எஞ்சின் முதற்படி. 8 வரை இரண்டாவது. அதனினும் மிக்கது மூன்றாவது. நான்காம் படி ஒழுகவே ஒழுகாது. கரண்டியால் உண்ணற்குரிய அதனை நக்குவனவற்றோடு வைத்தல் தகும். வீட்டுக் கஞ்சி போதாதோ எனின், பருக்கை வேறு நீர் வேறாய்ப் பிரியும் கஞ்சி இன்னோர்க்கு ஆகாது. இருவேறு பொருளை ஒருங்கே விழுங்கல் இன்னும் கடினம்.

இனி, கெட்டியாக்கியவுடன் தீங்கு தீர்ந்ததோ? 2008-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உடைய 515 பேரை மூன்று திங்கள் நோக்கினர். கெட்டிப்பானம் பருகினோர்க்கும், சாதாரண பானத்தை மோவாய் தாழ்த்திப் பருகினோர்க்கும் நிமோனியாவில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. உடலில் நீர் வற்றுதலோ கெட்டிப்பானம் பெற்றோரிடமே மிகுதி. இதில் வியப்பென்ன? வாயில் ஒட்டும் பசையை யார்தாம் விரும்பிப் பருகுவர்? ஆதலின், வல்லுநர் சோதித்துரையாமல் வீட்டார் தாமே பானத்தைக் கெட்டியாக்கல் தகாதென்பதே எம் துணிபு.

லூயிவில் நகரத்து ஃபிரேசியர் புனர்வாழ்வு நிலையத்தார் 1984-இல் வேறொரு முறை கண்டனர். உணவோடு தண்ணீர் தாரார். உண்டு அரைமணி கழிந்தபின், வாயை நன்கு தூய்மை செய்து, வெறுந்தண்ணீர் பருக விடுவர். வாயிலுள்ள கிருமிகளே நுரையீரலுக்குப் பெருங்கேடு, சிறிதளவு தூயநீரன்று என்பது அவர் கருத்து.