கரிசலாங்கண்ணி: பெயர் பார்த்து விற்போம்

பொன்னமராவதி பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்குக் கண்மாய் பெருகினால், வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைப்பது வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி. நெல்லுக்குள் வந்தால் களை. பிடுங்கிக் காயவைத்தால் மூலிகைச் சரக்கு. விற்க நினைப்பவர்கள் முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கையாந்தகரை, கரிசாலை என்பதும் இதுவே. தாவரவியலிலும் இதற்கு இரண்டு பெயர் உண்டு. 1753-ல் லின்னேயஸ் இதை இரு வேறு செடிகளாகக் கருதி, ஒன்றுக்கு 'ஆல்பா' (வெள்ளை), மற்றொன்றுக்கு 'ப்ராஸ்ட்ரேட்டா' (தரையில் படர்வது) எனப் பெயரிட்டார். இரண்டும் ஒரே செடிதான் என்பது பின்னர் தெளிவானது. வெயிலும் இடமும் இருந்தால் படரும். நெருக்கத்தில் நிமிர்ந்து வளரும். இன்று ஏற்கப்படும் பெயர் எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. பழைய புத்தகத்திலோ வியாபாரியின் பட்டியலிலோ 'எக்லிப்டா ஆல்பா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே சரக்குதான்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி அப்படியல்ல. பொற்றலைக் கையாந்தகரை எனப்படும் அது வேறு பேரினம். முன்பு வெடிலியா என்றனர். இப்போது ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. வெடிலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கலந்து விற்கக் கூடாது.

அடையாளம் காண்பது எளிது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் தண்டைக் கசக்கினால் சிறிது நேரத்தில் சாறு கறுக்கும். இது ஓராண்டுச் செடி, விதையில் பெருகும். மஞ்சள் வகை பல ஆண்டு வாழும். தண்டுத் துண்டை நட்டால் போதும். பூங்காக்களில் தரைமூடியாக வளர்க்கும், அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச்செடிக்கும் மஞ்சள் பூதான். அதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நாற்று வாங்கும்போது இலையைப் பாருங்கள்.

வெள்ளை வகையின் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். எனவே பாத்தியில் மேலாகத் தூவினால் போதும், ஆழப் புதைக்காதீர்கள். களையாக வருவதைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் இதே குணம் உதவும்: உழவில் விதை ஆழத்துக்குப் போனால் முளைப்பு குறையும்.

களைக்கொல்லி தெளித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். பூக்கும் பருவத்தில் அறுத்து, மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மூட்டையில் ஊர்ப்பெயருடன் தாவரவியல் பெயரையும் எழுதி ஒட்டினால், விலை பேசும்போது தகராறு வராது.