பாட்டில் ராக்கெட்டுக்குத் தண்ணீர் எதற்கு?

காலி சோடா பாட்டில், அதன் வாயை இறுக அடைக்கும் கார்க், கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, சைக்கிள் பம்பு. வகுப்பறை ராக்கெட்டுக்கு இவ்வளவு போதும்; கடையில் விற்கும் ‘கிட்’ தேவையே இல்லை. ஊசியின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்படி கார்க்கில் குத்திச் செருகி, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திக் காற்றடித்தால், ஒரு கட்டத்தில் கார்க் பிடி நழுவும். பாட்டில் பறக்கும்.

முதலில் வெறும் காற்றோடு விடச் சொல்லுங்கள். ‘டப்’ என்ற சத்தத்தோடு ஓரளவு எழும்பி விழுந்துவிடும். அடுத்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி விடுங்கள். முன்னதைத் தாண்டி வெகு உயரம் போகும். கனம் கூடிய பாட்டில் எப்படி அதிக உயரம் போனது? இந்தக் கேள்வியை மாணவர்களே கேட்க வேண்டும். ஆசிரியர் முந்திக்கொள்ளக் கூடாது.

ராக்கெட் தன்னிடம் இருப்பதைப் பின்னால் எறிந்துதான் முன்னால் போகிறது. எறியப்படுவதன் நிறை, வேகம் இரண்டுக்கும் அதில் பங்குண்டு. காற்று படுவேகமாக வெளியேறும். ஆனால் அதன் நிறை சொற்பம். சாதாரணக் காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தி தண்ணீருக்கு. கார் டயர் அளவுக்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் ஏறியிருந்தால், தண்ணீர் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பீய்ச்சியடிக்கும். அந்தக் கணத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமம். தூக்க வேண்டியதோ, ஒரு லிட்டர் பாட்டில் என்றால், அரைக் கிலோகூட இல்லை!

அப்படியானால் தண்ணீரை நிறைய ஊற்றலாமே? ஊற்றிப் பார்க்கட்டும். காற்றுக்கு இடம் குறைந்துவிடும். கொஞ்சம் விரிந்ததுமே அழுத்தம் தளர்ந்து, மிச்சத் தண்ணீர் வெறும் சுமையாகும். கால், அரை, முக்கால் என்று மாற்றி மாற்றி விட்டு வரைபடம் போட்டால் நடுவே ஒரு மேடு தெரியும். பாகைமானியில் நூலும் குண்டும் கட்டினால் உயரமானி தயார். 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது உச்சி 45 பாகையில் தெரிந்தால், கண் மட்டத்துக்கு மேல் உயரம் 20 மீட்டர். யாருடையது உயரம் என்ற போட்டியைவிட இந்த வரைபடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளியேறுவது வெளிக்காற்றை உதைப்பதால்தான் ராக்கெட் கிளம்புகிறது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே அப்படி எழுதி, வெற்றிடத்தில் ராக்கெட் இயங்கும் என்ற ஆய்வாளர் ராபர்ட் கோடார்டை எள்ளியது. அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, திருத்தம் வெளியிட்டது. கோடார்ட் இறந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாக, பாதுகாப்பு. பம்பை நீண்ட குழாயில் இணைத்துத் தள்ளி நின்றே காற்றடியுங்கள். பாட்டிலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது. சோடா அடைத்து வரும் பிளாஸ்டிக் பாட்டில் மட்டுமே அழுத்தம் தாங்கும். கண்ணாடியும் மெல்லிய தண்ணீர் பாட்டிலும் ஆகாது. கீழே விழுந்து மடிப்பு ஏற்பட்ட பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பழைய பேப்பர் கடையில் வேறு பாட்டில் கிடைக்கும்.