பழைய மோட்டார் சைக்கிள் சில்லு: பாரம் குறையலாம், பலம் குறையக் கூடாது

இடம்பெயர்ந்து வந்த நாட்களில் பல குடும்பங்களின் அரிசி மூட்டையையும் பிள்ளைகளையும் சுமந்து வந்தது சைக்கிள் சில்லுதான். ஒரு கம்பி அறுந்தால் மற்றக் கம்பிகள் படும் பாட்டை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த அறிவே பழைய மோட்டார் சைக்கிள் சில்லைப் புதுப்பிக்கவும் உதவும்.

நுவரெலியா மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்ற ஓட்டப் போட்டியில் வேகமே முக்கியம். 'ட்ரையல்ஸ்' போட்டி வேறு வகை. கல், சேறு, ஓடை வழியே காலை ஊன்றாமல் மெதுவாகச் செல்ல வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் தண்டம் 1 புள்ளி. பாதியில் நின்றுவிட்டால் 5 புள்ளி. தேயிலை மலையின் குறுக்குப் பாதைகளில் வண்டி ஓட்டுவோர் தினமும் எழுதும் பரீட்சையும் இதுதான்.

வட அயர்லாந்து வீரர் சாமி மில்லர் தமது கனமான ஏரியல் வண்டியின் பாரத்தைப் பாகம் பாகமாகக் குறைத்தார். அதிலேயே 1962, 1964ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றார். 1965இல் அதைவிட இலேசான புல்டாக்கோவில் மீண்டும் வென்றார்.

பாரம் குறைக்கச் சில்லு நல்ல இடம். வண்டியின் உடலில் உள்ள பாரம் முன்னே நகர்ந்தால் போதும். ரிம்மில் உள்ள பாரம் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே ரிம்மில் குறையும் 1 கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது ஏறத்தாழ 2 கிலோ குறைந்ததற்குச் சமம். இரும்பின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. அலுமினிய ரிம் தடிப்பாகச் செய்யப்படுவதால் அவ்வளவும் மிச்சமாகாது. ஆயினும் மாற்றம் தெரியும்.

வேலையைத் தொடங்குமுன் கம்பிகள் பின்னியுள்ள விதத்தையும், ரிம் ஹப்பிலிருந்து எப்பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஹப்பில் வெடிப்பு உண்டா, பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். புதிய ரிம்மின் துளைகள் எண்ணிக்கையிலும் சாய்விலும் அந்த ஹப்புக்குப் பொருந்த வேண்டும்.

கம்பிகளை முதலில் தளர்வாகக் கோத்து, பிறகு எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, சமமாக இறுக்குங்கள். சில்லைச் சுழற்றி, அருகில் ஒரு குச்சியை நிறுத்திப் பார்த்தால் நெளிவு தெரியும். ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அவ்விடத்தில் இடக் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, வலக் கம்பியை இறுக்க வேண்டும். மேலெழுந்து நின்றால் இரு பக்கமும் இறுக்க வேண்டும். தட்டும்போது ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஓசை தரட்டும். நிப்பிளுக்கு மேல் நீட்டும் முனையை அராவி, ரிம் நாடாவைச் சுற்றிய பின்னரே டியூப்பை வையுங்கள். சில நாள் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

பாரம் குறைப்பதற்காகப் பழைய ரிம்மிலோ ஹப்பிலோ துளை போடாதீர்கள்; கம்பிகளின் எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள். உட்புறம் துருத்தின்ற ரிம்மை வர்ணம் பூசி மறைப்பதும் கூடாது. மலைப்பாதை இறக்கத்தில் சில்லு உடைந்தால் போவது ஓர் உயிர் மட்டுமல்ல. பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும்தான்.

காணியை விட்டு வந்தவர்க்கும் கைவேலை கூடவே வரும். பிள்ளைகள் முதலில் கழித்துப்போட்ட சைக்கிள் சில்லொன்றில் நெளிவெடுத்துப் பழகட்டும். அது நேராக ஓடிய பிறகு மோட்டார் சைக்கிளில் கை வைக்கலாம்.